புதிதாக நிதி ஆலோசகர் ஆகிறவர்களுக்குப் பணம் எப்படி வரும்? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கம் கல்லூரி முடித்தவர்களையும், வேலையை விட்டவர்களையும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் பார்த்து "ஏஜென்ட் ஆகுங்க, கை நிறையச் சம்பாதிக்கலாம்" என்று ஆள் சேர்க்கிறார்கள். எவ்வளவு வரும் என்பதை விரல் விட்டுச் சொல்வார்கள். எப்போது வரும், எந்தத் தொகையின் மேல் வரும், எந்த நிபந்தனையில் நிற்கும் என்பதைச் சொல்வது குறைவு. முதல் இரண்டு வருடத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் வேலை தெரியாமல் போவதில்லை. பணம் வரும் விதம் தெரியாமல் போகிறார்கள். அதனால் இந்தப் பக்கம் முழுக்கப் பணம் வரும் விதத்தைப் பற்றியதே.

மாதச் சம்பளம் என்று ஏதாவது உண்டா?

ஏஜென்டுக்கு இல்லை. எல்ஐசி ஆகட்டும், தனியார் காப்பீட்டு நிறுவனம் ஆகட்டும், மியூச்சுவல் ஃபண்ட் ஆகட்டும், ஏஜென்ட் என்பவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்ல. பி.எஃப். பிடித்தம் இல்லை, விடுப்புச் சம்பளம் இல்லை. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் எதுவும் இல்லை. விதிவிலக்காக எல்ஐசியின் பீமா சகி திட்டத்தில் பெண்களுக்கு மூன்று வருடம் மாத உதவித்தொகை உண்டு. அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறோம். வங்கிகளிலும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களிலும் சம்பளத்தோடு கூடிய விற்பனை வேலைகள் இருக்கின்றன. அது வேறு கதை, அதற்கும் தனிக் கேள்வி உண்டு.

ஏஜென்ட், டிஸ்ட்ரிபியூட்டர், அட்வைசர் எல்லாம் ஒன்றுதானே?

விசிட்டிங் கார்டில் ஒன்றுபோலத் தெரியும். பணம் யார் கையிலிருந்து வருகிறது என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். காப்பீட்டு ஏஜென்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் கமிஷன் தருகிறது. மியூச்சுவல் ஃபண்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஃபண்ட் நிறுவனம் தருகிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகருக்கு வாடிக்கையாளரே நேரடியாகக் கட்டணம் தருகிறார். அவர் கமிஷன் வாங்கக் கூடாது. செபி பதிவு இல்லாமல் "முதலீட்டு ஆலோசகர்" என்று போர்டு மாட்டினால் அது விதிமீறல். "மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்" என்று போட்டுக்கொள்வதில் ஒரு குறைச்சலும் இல்லை.

சேருவதற்கு என்ன படிப்பு, என்ன தேர்வு?

ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆக 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். 25 மணி நேரப் பயிற்சி, பிறகு ஐசி-38 என்ற தேர்வு. 50 கேள்விகள், ஒரு மணி நேரம், தேர்ச்சிக்கு 35 சதவீதம். தமிழிலேயே எழுதலாம்.

மியூச்சுவல் ஃபண்டுக்கு, செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 5-ஏ தேர்வு. 100 கேள்விகள், இரண்டு மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். தேர்ச்சி பெற்ற பிறகு ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிந்து ஏஆர்என் என்ற பதிவு எண்ணை வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் வாங்கிக் கொடுத்த முதலீட்டுக்குப் பிறகு எந்தக் காலத்திலும் கமிஷன் கேட்க முடியாது. தேர்வு முடிவு வந்த உற்சாகத்தில் சித்தப்பா வீட்டு எஸ்ஐபியை (மாதாமாதம் ஃபண்டில் போடும் தவணை முதலீட்டை) முதலில் தொடங்கிவிட்டு எண்ணுக்கு அப்புறம் விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வரிசை மாறக் கூடாது.

தேர்வுக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் தவிர "சேர்க்கைக் கட்டணம்", "கிட் பணம்", "டெபாசிட்" என்று ஐயாயிரம், பத்தாயிரம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆயுள் காப்பீட்டில் முதல் கமிஷன் எவ்வளவு?

எல்ஐசியின் நீண்ட கால எண்டோமெண்ட் வகைத் திட்டங்களில் (காப்பீட்டோடு சேமிப்பும் சேர்ந்தவை), போனஸ் கமிஷனையும் சேர்த்து, முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் பாலிசியைப் பாதியில் ஒப்படைப்பவருக்குக் கூடுதல் தொகை தர வேண்டும் என்ற விதி வந்தது. அதையொட்டி முதல் வருடக் கமிஷன் 28 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு ஈடாக, பிந்தைய வருடங்களின் புதுப்பிப்புக் கமிஷன் 5 சதவீதத்திலிருந்து 7.5 ஆக உயர்ந்தது. ஒரே தவணையில் கட்டும் சிங்கிள் பிரீமியத் திட்டத்தில் 2 சதவீதம்தான். குறுகிய காலத் திட்டங்களுக்கும் பென்ஷன் திட்டங்களுக்கும் விகிதம் இன்னும் குறையும். பழைய ஏஜென்டுகள் சொல்லும் 35 சதவீதக் கணக்கை வைத்து இப்போது வருமானத்தைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

தனியார் நிறுவனங்களில் விகிதம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். 2023 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி உச்சவரம்பு கிடையாது. நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு மட்டுமே வரம்பு. ஆகவே கமிஷன் அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், உடல்நலக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருக்கிறது. அதனால் அட்டவணையில் உள்ள கமிஷன் ஜிஎஸ்டி உட்படவா, தனியாகவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் வரும் தொகை அதில் மாறும்.

முதல் மாதத்தில் மூன்று பாலிசி போட்டால் கையில் எவ்வளவு வரும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். மூன்றுமே 28 சதவீதம் தரும் திட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் வருடத்துக்கு 24,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டுகிறார். இரண்டாமவரும் வருடத்துக்கு 24,000தான், ஆனால் காலாண்டுத் தவணை. மூன்றாமவர் மாதம் 1,500.

ஆள் சேர்ப்பவர் சொல்லும் கணக்கு இப்படி இருக்கும்: 24,000, 24,000, 18,000, ஆக மொத்தம் 66,000, அதில் 28 சதவீதம் 18,480 ரூபாய். "ஒரே மாசத்துல பதினெட்டாயிரம்!" ஆனால் கமிஷன் என்பது கட்டிய பிரீமியத்தின் மேல்தான், கட்டப் போகும் பிரீமியத்தின் மேல் அல்ல. அந்த மாதம் வந்து சேர்ந்தது 24,000, 6,000, 1,500. கமிஷன் 6,720, 1,680, 420. மொத்தம் 8,820. மீதி 9,660 ரூபாய் அடுத்த 11 மாதத்தில் துண்டு துண்டாக வரும். அதுவும் அந்த இரண்டு பேரும் தவறாமல் கட்டினால்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது. திருப்பினால் உங்களுக்குக் கொடுத்த கமிஷனை அடுத்த பில்லில் பிடித்துக்கொள்வார்கள். காசோலை திரும்பினாலும் அப்படியே. முதல் கமிஷன் வந்த வாரமே அதை நம்பி டூவீலருக்கு முன்பணம் கட்டியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

"மொத டியூவ நீயே கட்டிரு தம்பி, பொறவு நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார்கள். கட்டலாமா?

கூடாது. நம்ம ஊர்ப் பக்கம் புது ஏஜென்டைக் கவிழ்ப்பதில் இதற்கு மிஞ்சியது எதுவும் இல்லை. கேட்பவர் பெரும்பாலும் சொந்தக்கார அண்ணாச்சியாகவோ, அம்மா கூடப் பிறந்த மாமாவாகவோ இருப்பார். மறுக்க வாய் வராது. ஆனால் 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 41ஆம் பிரிவு, கமிஷனில் பங்கு கொடுப்பதையும் பிரீமியத்தில் தள்ளுபடி கொடுப்பதையும் தடை செய்கிறது. கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் தடை. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

சட்டத்தை விடுங்கள், கணக்கிலும் இது உதைக்கும். வருடம் 20,000 ரூபாய் பாலிசி, அரையாண்டுத் தவணை என்று வையுங்கள். முதல் தவணை 10,000 ரூபாயை நீங்கள் கட்டினால் உங்களுக்கு வரும் கமிஷன் 2,800. நிகர நஷ்டம் 7,200. இரண்டாம் தவணையை அவர் கட்டினால் இன்னொரு 2,800. அப்போதும் 4,400 கைவிட்டுப் போயிருக்கிறது. அவரோ கையிலிருந்து காசு போடாமல் வாங்கிய பாலிசியை இரண்டாம் தவணைக்கே மறந்துவிடுவார். "எவ்வளவு தாங்கும்" என்று அவர் யோசித்துப் பார்த்ததே இல்லையே. இப்படிப் பத்துப் பாலிசி போட்டுக் கிளையில் கைதட்டல் வாங்கியவர் அடுத்த தீபாவளிக்கு வட்டிக்கு வாங்கியிருப்பார்.

என்ன பதில் சொல்வது என்று கேட்டால், தவணையைச் சின்னதாக்கிக் காட்டுவதுதான் வழி. "அண்ணாச்சி, நான் கட்டுனா எனக்கு லைசென்ஸ் போயிரும். ஒங்களுக்கு இருபதாயிரம் பெருசா இருந்தா ஆயிரம் ரூவா மாசத் தவணையா பாப்போம். அதுவும் தோதுப்படலன்னா இப்ப வேண்டாம்." இதற்கு அவர் மசியாவிட்டால் அந்தப் பாலிசி எப்படியும் நிற்கப் போவதில்லை.

புதுப்பிப்புக் கமிஷன் என்கிறார்களே, அது எப்போதிலிருந்து கை கொடுக்கும்?

இரண்டாம் வருடத்திலிருந்து வரத் தொடங்கும். எவ்வளவு என்பது எத்தனை பாலிசி உயிரோடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் வருடத்தில் 40 பாலிசி, ஒவ்வொன்றும் வருடத்துக்கு 10,000 ரூபாய் என்றால் மொத்தப் பிரீமியம் 4 லட்சம். 28 சதவீதம் என்றால் முதல் வருடக் கமிஷன் 1,12,000. இரண்டாம் வருடம் 40இல் 32 பாலிசி நின்றால் 3,20,000 ரூபாயில் 7.5 சதவீதம், அதாவது 24,000. பாதிதான் நின்றது என்றால் 15,000. வித்தியாசம் 9,000தானே என்று தோன்றும். ஆனால் அது அந்த ஒரு வருடத்தோடு போவதில்லை. பாலிசிக் காலம் முழுக்க வருடந்தோறும் தொடரும், அடுத்தடுத்த வருடத்துப் பாலிசிகளும் இதே விகிதத்தில் கரைந்தால் கூடிக்கொண்டே போகும்.

பாலிசி ஏன் லேப்ஸ் ஆகிறது என்று பார்த்தால், நம்ம பக்கத்தில் பெரும்பாலும் மனசு இல்லாமல் அல்ல, டியூ வரும் மாதம் சரியில்லாமல். தாமிரபரணிப் பாசனத்தில் இருப்பவருக்குக் காசு புழங்குவது இரண்டு தடவை: கார் அறுவடை முடியும் புரட்டாசி வாக்கில், பிசானம் அறுவடையாகும் மாசி, பங்குனியில். அவருக்கு அரையாண்டுத் தவணையாக அக்டோபரில் பாலிசி தொடங்கினால் அடுத்த டியூ ஏப்ரலில் வரும். இரண்டுமே நெல் விற்ற காசு கையில் இருக்கும் நேரம். அதே பாலிசியை நீங்கள் டார்கெட்டுக்காக அவசரப்பட்டு டிசம்பரில் போட்டால் டியூ ஜூனிலும் டிசம்பரிலும் விழும். ஜூனில் பள்ளிக்கூடச் செலவும் கார் நடவுச் செலவும் சேர்ந்து வந்து நிற்கும். அப்போது முதலில் தள்ளிப்போவது பாலிசி டியூதான்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு வாரக்கூலி. அவர்களுக்கு வருடத் தவணை சொல்வதே தப்பு. மாதத் தவணை, அதுவும் கூலி வாங்கும் வாரத்தை ஒட்டி வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும்படி அமைக்க வேண்டும். வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில், காசு அனுப்புபவரின் ஒப்புதலை வாங்காமல் இங்கே இருப்பவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால் இரண்டாம் டியூ சந்தேகம்தான்.

டியூ தேதிக்குப் பிறகு 30 நாள், மாதத் தவணைக்கு 15 நாள், சலுகைக் காலம் உண்டு. அதற்குள் ஒரு போன் போட்டு நினைவுபடுத்துவதே உங்கள் அடுத்த வருட வருமானம். வாடிக்கையாளர் பட்டியலைப் பெயர் வரிசையில் வைக்காமல் டியூ மாத வரிசையில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பீமா சகி உதவித்தொகை உண்மையிலேயே மாதம் 7,000 ரூபாயா?

உண்மை. 2024 டிசம்பர் 9 அன்று பானிபட்டில் பிரதமர் தொடங்கிவைத்த எல்ஐசி திட்டம் இது. 18 முதல் 70 வயது வரை உள்ள, பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள் சேரலாம். முதல் வருடம் மாதம் 7,000, இரண்டாம் வருடம் 6,000, மூன்றாம் வருடம் 5,000 ரூபாய். மூன்று வருடமும் முழுதாக வாங்கினால் 84,000, 72,000, 60,000 என்று 2,16,000 ரூபாய். பாலிசிக்கான கமிஷன் இதற்கு மேல் தனி.

நிபந்தனைகளை நிதானமாகப் படியுங்கள். முதல் வருடத்தில் 24 பேருக்குப் பாலிசி போட வேண்டும். போனஸ் கமிஷனைச் சேர்க்காமல் முதல் வருடக் கமிஷன் 48,000 ரூபாய் வர வேண்டும். 24 பேர் என்பது மாதம் இரண்டு பேர், முடியும். சிக்கல் 48,000இல் இருக்கிறது. எல்லாமே சின்னப் பாலிசியாகப் போட்டால் எண்ணிக்கை நிறையும், தொகை நிறையாது. ஒரு பாலிசிக்குச் சராசரியாக 2,000 ரூபாய் கமிஷன் வரும்படி திட்டமிட வேண்டும். இரண்டாம் வருடம் உதவித்தொகை தொடர, முதல் வருடம் போட்ட பாலிசிகளில் 65 சதவீதமாவது உயிரோடு இருக்க வேண்டும். மூன்றாம் வருடத்துக்கும் இதே போன்ற நிபந்தனை. அண்ணன் மைனிக்கு, சித்தி மகளுக்கு என்று முகத்துக்காகப் போட்ட பாலிசிகள் கழன்று விழுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஏற்கெனவே எல்ஐசி ஏஜென்டாக இருப்பவர்களும், எல்ஐசி ஏஜென்ட் அல்லது ஊழியரின் மனைவி, மகள், தாய், உடன்பிறந்தவர், நெருங்கிய சம்பந்த வழி உறவினரும் சேர முடியாது. இது அரசு வேலையும் அல்ல, எல்ஐசியில் நிரந்தர வேலைக்கான வழியும் அல்ல. "சேர்ந்தா பெர்மனெண்ட் ஆயிரும்" என்று யாராவது பணம் கேட்டால் மோசடி.

மியூச்சுவல் ஃபண்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்கு என்ன வரும்?

மெதுவாக வரும், ஆனால் நிற்கும். முதலீடு வந்ததும் மொத்தமாகத் தரும் முன்பணக் கமிஷன் 2018 அக்டோபர் 22 முதல் கிடையாது. டிரெயில் மட்டும்தான்: உங்கள் வழியாக வந்த முதலீடு எவ்வளவு நாள் ஃபண்டில் இருக்கிறதோ அவ்வளவு நாளுக்கும், அன்றன்றைய மதிப்பின் மேல் கணக்கிட்டு, மாதம் முடிந்தபின் தருவார்கள். பங்குச் சந்தை ஃபண்டுகளில் வருடத்துக்கு அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் வரை, ஃபண்டைப் பொறுத்து. பெரிய ஃபண்டுகளில் குறைவாக இருக்கும். குறுகிய காலத்துக்குப் பணம் போட்டு வைக்கும் லிக்விட் ஃபண்டில் மிகக் கொஞ்சம்.

50 பேர், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் எஸ்ஐபி. மாதம் ஒரு லட்சம் சேர்கிறது. டிரெயில் 0.8 சதவீதம் என்று வைத்து, ஃபண்டின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். முதல் மாதம் உங்களுக்கு 67 ரூபாய். பன்னிரண்டாம் மாதம் 800 ரூபாய். முதல் வருடம் முழுக்கச் சேர்த்து 5,200 ரூபாய். 50 பேரைப் பிடிக்க நீங்கள் அலைந்த பெட்ரோலுக்குக்கூடக் காணாது. ஐந்து வருடம் ஒருவரும் நிறுத்தவில்லை என்றால் 60 லட்சம் சேர்ந்திருக்கும். மாதம் 4,000 ரூபாய், வளர்ச்சி இருந்தால் அதற்கு மேல். இதைத் தெரிந்துகொண்டு இறங்குபவர் நிற்பார்.

சென்னை, கோவை போன்ற முதல் 30 நகரங்களுக்கு வெளியே உள்ள ஊர்களில் முதன்முறையாக முதலீடு செய்பவரைக் கொண்டுவந்தால் கூடுதல் ஊக்கத்தொகை உண்டு என்று 2025 நவம்பரில் செபி அறிவித்தது. முதல் மொத்த முதலீட்டில், அல்லது முதல் வருட எஸ்ஐபித் தொகையில், ஒரு சதவீதம். உச்சம் 2,000 ரூபாய். பணம் ஒரு வருடமாவது ஃபண்டில் இருக்க வேண்டும். புதிதாக முதலீடு செய்யும் பெண்களுக்கும் இது பொருந்தும். நெல்லை மாவட்டம் முழுக்க அந்த 30 நகரங்களுக்கு வெளியேதான். முன்பு இதே போன்ற ஒரு சலுகையை 2023 மார்ச்சில் நிறுத்திவைத்தார்கள் என்பதையும் மறக்காமல், இதை உபரியாக மட்டும் கணக்கில் வையுங்கள்.

அஞ்சலக ஆர்.டி. ஏஜென்ட் வேலை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆர்.டி. என்பது மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பு, இது அதற்கான பெண்கள் முகவாண்மை. ஊரில் ஆர்.டி. அக்கா என்றால் தெரியும். கட்டும் தொகையில் 4 சதவீதம் கமிஷன். மாதம் ஒரு லட்சம் ரூபாய் வசூலித்துக் கட்டினால் 4,000 ரூபாய். முதல் மாதத்திலிருந்தே வரும் என்பது இதன் பலம். எண்டோமெண்ட் கமிஷன்போல முதல் வருடத்தில் ஏறிப் பிறகு இறங்காது. 60 மாதமும் ஒரே விகிதம்.

கவனிக்க வேண்டியது தேதி. மாதத்தின் 15ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு தொடங்கியதற்கு மாதக் கடைசி வேலை நாளுக்குள். தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். வசூலித்த காசை நீங்கள் வைத்துக்கொண்டு தேதி தவறினால் அந்த அபராதம் உங்கள் கையிலிருந்துதான் போகும், பேரும் கெடும். பீடி சுற்றும் பெண்கள் மிகுந்த தெருக்களில் மாதத்தில் முதல் இரண்டு கூலி நாட்களில் வசூலை முடித்துவிடுவது நல்லது. வைப்பு நிதி போன்றவற்றுக்கான பொதுச் சிறுசேமிப்பு முகவாண்மையில் அரை சதவீதம்தான். பிபிஎஃப், மூத்த குடிமக்கள் திட்டம் இரண்டுக்கும் 2011 டிசம்பரிலிருந்து கமிஷனே இல்லை.

வாகன, உடல்நலக் காப்பீடு?

உடல்நலக் காப்பீட்டில் கமிஷன் பெரும்பாலும் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும். புதுப்பிக்கும்போதும் வரும் என்பதால் மூன்று வருடத்தில் நல்ல அடித்தளம் ஆகும். வாகனக் காப்பீட்டை 15 மணி நேரப் பயிற்சியோடு பிஓஎஸ்பி என்ற எளிய விற்பனையாளர் முறையில் விற்கலாம். தொகை சிறியது, ஆனால் காசு சீக்கிரம் வரும். ஒரு ஏஜென்ட் ஓர் ஆயுள் நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஓர் உடல்நலக் காப்பீட்டு நிறுவனம் என்று மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஒரே வகையில் இரண்டு நிறுவனத்துக்கு வேலை செய்ய முடியாது.

சம்பளத்தோடு வேலை என்று ஆஃபர் லெட்டர் கொடுத்தால்?

நான்கு இடத்தைப் படியுங்கள். வருடத் தொகையில் நிலையான சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு. சம்பளம் நிற்பதற்கு மாத டார்கெட் என்ன. தகுதிகாண் காலத்தில் டார்கெட் தவறினால் என்ன. பெட்ரோல் படி உண்டா. "ஆண்டுக்கு 3 லட்சம்" என்று எழுதியிருக்கும் கடிதத்தில் நிலையான பகுதி மாதம் 14,000ஆக இருப்பது சகஜம். வேலைக்கு எடுக்கும்போதே "உங்க சொந்தபந்தம் எத்தனை வீடு" என்று கேட்கிறார்கள் என்றால், அந்த வீடுகளில் விற்று முடிந்ததும் உங்கள் தேவை முடிந்துவிடும் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

கமிஷனே வேண்டாம், கட்டணம் வாங்கி ஆலோசனை மட்டும் சொல்லலாமா?

செபி பதிவு வேண்டும். 2024 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பட்டம் படித்தவர், முன் அனுபவம் இல்லாமலே, என்ஐஎஸ்எம்மின் 10-ஏ, 10-பி தேர்வுகளை எழுதிப் பதியலாம். 150 வாடிக்கையாளர் வரை ஒரு லட்சம் ரூபாய் வைப்பு வைக்க வேண்டும். நிலையான கட்டணமாக ஒரு குடும்பத்திடம் வருடத்துக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. நம்ம பக்கத்தில் ஆலோசனைக்கென்று தனியாகக் காசு கொடுக்கும் பழக்கம் இனிமேல்தான் வளர வேண்டும். முதல் தொழிலாக இதை எடுப்பவர் கையில் சேமிப்பு இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் பிரீமியத்தை ரொக்கமாகக் கையில் கொடுக்கிறார். வாங்கிக் கட்டலாமா?

வாங்காதீர்கள். ஏஜென்ட் வாங்கிய பணம் நிறுவனத்துக்குச் சேர்ந்ததாக ஆகாது. 1997இல் உச்ச நீதிமன்றமும் எல்ஐசி வழக்கு ஒன்றில் இதைச் சொல்லியிருக்கிறது. நீங்கள் கட்டுவதற்குள் பாலிசி லேப்ஸ் ஆகி, அந்த இடைவெளியில் அவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். அந்த வீட்டுப் படியை நீங்கள் திரும்ப மிதிக்க முடியாது. வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டை பாலிசி போடும் அன்றே செய்துகொடுங்கள். வயதானவர் என்றால் கிளைக் கவுன்டருக்குக் கூட்டிப் போங்கள்.

வரி எவ்வளவு பிடிப்பார்கள்?

2025 ஏப்ரலிலிருந்து காப்பீட்டுக் கமிஷன் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் பிடிப்பார்கள். முன்பு 15,000க்கு மேல் 5 சதவீதமாக இருந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை வருடத் தொடக்கத்திலேயே கொடுக்கலாம். இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சிறு வியாபாரிகளுக்கான உத்தேச லாபக் கணக்கு கமிஷன் வருமானத்துக்குப் பொருந்தாது. அந்தப் படிவத்தில் தாக்கல் செய்துவிட்டு நோட்டீஸ் வாங்குகிறார்கள். பெட்ரோல், போன், வாடகை ரசீதுகளை எடுத்து வைத்து, உண்மையான செலவைக் கழித்துக் காட்டுங்கள்.

வீட்டுச் செலவுக்கு எவ்வளவு கையில் வைத்துக்கொண்டு இறங்கலாம்?

18 மாத வீட்டுச் செலவு. இதற்குக் குறைவாக வைத்திருந்தால் பார்த்துவரும் வேலையை விடாமல் பகுதி நேரமாகத் தொடங்குங்கள். இதோடு அலைச்சல் செலவும் சேரும். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போய் வந்தாலே 70 கிலோமீட்டர் ஆகும். நாளுக்குச் சராசரி 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டிக்கு 28 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கையில் மாதம் 3,000 ரூபாயை ஒட்டி வரும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று ஒரே சாலையில் இருக்கும் ஊர்களை ஒரே நாளில் பார்க்கும்படி வாரத்தைப் பிரித்துக்கொண்டால் இதில் கால்வாசி மிஞ்சும்.

எல்லாம் இருக்கட்டும், எதில் தொடங்குவது?

கையில் காசு இல்லாத பெண் என்றால் பீமா சகி, அல்லது தெருவிலேயே ஐம்பது வீடு பழக்கம் என்றால் ஆர்.டி. முகவாண்மை. வேலையில் இருந்துகொண்டே தொடங்குபவர் மியூச்சுவல் ஃபண்ட் எண்ணை உடனே வாங்கிவிடலாம். டிரெயில் ஊற நாள் பிடிக்கும், அந்த நாளை இப்போதே எண்ணத் தொடங்குவது லாபம். முழுநேரமாக இறங்கும் ஆணோ பெண்ணோ ஆயுள் காப்பீட்டோடு உடல்நலக் காப்பீட்டையும் சேர்த்து எடுங்கள். முன்னது முதல் வருடத்தைத் தாங்கும், பின்னது மூன்றாம் வருடத்தை.

இடையில் விட்டுவிட்டால் பழைய கமிஷன் தொடருமா?

தானாகத் தொடராது. எல்ஐசியில் ஒவ்வொரு ஏஜென்சி வருடத்திலும் குறைந்தது 12 பேருக்குப் பாலிசி போட்டால்தான் முகவாண்மை நிற்கும். விட்டுப்போன ஏஜென்ட் மறுபடி சேர்ந்தால் புதுப்பிப்புக் கமிஷன் பெறலாம் என்று 2023இல் விதி தளர்த்தப்பட்டது. அதே சமயம் ஏஜென்டுகளின் கிராஜுவிட்டி உச்சவரம்பும் 3 லட்சத்திலிருந்து 5 லட்சமானது. மியூச்சுவல் ஃபண்டில் ஏஆர்என் காலாவதியானால் காலாவதிக்கும் புதுப்பித்தலுக்கும் இடைப்பட்ட நாட்களின் டிரெயில் கிடைக்காது. புதுப்பிக்கத் தேர்வையோ தொடர்பயிற்சியையோ முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அதற்கு இடம் கிடைக்க நாளாகலாம். ஆகவே காலாவதித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.